கை பேசிய காலம்

தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில், தொப்பூர் கணவாயில் லாரி டிரைவரின் வலது கைதான் ஒரு காலத்தில் சிக்னல். என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். கையை நேராக நீட்டினால் வலப்பக்கம் திரும்புகிறார். நீட்டிய கையைச் சுழற்றினால் இடப்பக்கம். உள்ளங்கையைக் கவிழ்த்து மேலும் கீழும் அசைத்தால் வேகத்தைக் குறைக்கிறார். முழங்கையை மடித்துக் கையை நிமிர்த்தினால் நிற்கப்போகிறார். முன்னும் பின்னும் வீசினால், ‘நீ முந்திப் போ’ என்கிறார். 1989-இல் வந்த சாலை விதிகளிலும் இந்த ஐந்தும் இருந்தன.

அமெரிக்காவில் ப்யூக் கார்களில் 1939-லேயே மின்னும் விளக்கு வந்துவிட்டது. பிற்பாடு நம் லாரிகளுக்கும் வந்தது, கைக்கு ஓய்வு. ஆனால் இண்டிகேட்டருக்குத் தெரிந்தது வலம், இடம் என்ற இரண்டே சொல். ‘முந்திப் போ’ என்று சொல்ல அதில் வழியில்லை. அதனால் லாரிக்காரர்கள் பலர் வலது இண்டிகேட்டரையே அதற்கும் போட ஆரம்பித்தார்கள். வழிவிட்டார் என்று நம்பி நாம் முந்தும்போது, லாரி நிஜமாகவே வலப்பக்கம் திரும்பினால் என்ன ஆவது?

ஒரு விளக்குக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும். திரும்பும் முன் போடுங்கள். திரும்பியதும் மறக்காமல் அணையுங்கள். முன்னால் போகும் லாரியில் வலது விளக்கு மின்னினால், அது திரும்பப்போகிறது என்றே எண்ணிப் பொறுத்திருங்கள். வண்டி ஓட்டும் பேரப்பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.