ஒரு கூத்து, பல மெட்டு

மன்னாரிற் கத்தோலிக்க மக்கள் போற்றிவரும் நாட்டுக்கூத்துக்கள் வடபாங்கு, தென்பாங்கு என இருவகைப்படும். முன்னது யாழ்ப்பாண மரபைத் தழுவியது. பின்னது மாதோட்டத்துக்கே உரியது. நீண்ட நாடகத்தை ஓரிரவில் முடியுமாறு சுருக்கிய வடிவமும் உண்டு. அதனை வாசாப்பு என்பர். இவ்வாறு ஒரே கதைக்கும் வடிவங்கள் பலவாயின. ஏட்டைப் படியெடுத்தோர் கைதோறும் சொல் வேறுபட்டது. அண்ணாவியார் வாய்தோறும் மெட்டு வேறுபட்டது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்நாடகங்களைத் தேடிப் பதிப்பித்தார். ‘என்றிக் எம்பரதோர்’ 1964 இலும், ‘மூவிராசாக்கள்’ 1966 இலும், ‘ஞானசவுந்தரி’ 1967 இலும் அச்சேறின. சொல் பிழைத்தது, மெட்டோ அச்சில் அடங்குவதன்று. ஓர் அண்ணாவியார் மறைந்தால் அவர் பாடிய மெட்டும் உடன் மறையும். ஆதலின் ஒன்றையே சரியென்று கொண்டு ஏனையவற்றைத் தள்ளாது, ஊர்தோறும் ஒலிக்கும் குரல்கள் அனைத்தையும் ஒலிப்பதிவு செய்து சேர்த்தலே அப்பதிப்புப் பணியை நிறைவாக்கும்.