தென்காசி வட்டாரத்தில் மாற்றுத்திறனாளர் உரிமை

தென்காசி வட்டாரத்தில் மாற்றுத்திறனாளர் உரிமையின் வரலாறு பெரும்பகுதி ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தின் வரலாறே ஆகும். தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடிப் பேரூராட்சியில் 1981இல் தொடங்கப்பட்ட இச்சங்கம், உடல் இயக்கம் இழந்த ஒருவர் தம்மைப் போன்றோருக்காக உருவாக்கியது. புரவலர்கள் மனமிரங்கி நடத்திய இல்லங்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது இத்தொடக்கமே.

அதற்கு முன் இப்பகுதி மாற்றுத்திறனாளருக்கு இருந்த வாய்ப்புகள் பாளையங்கோட்டையில்தான் இருந்தன. ஆங்கிலத் திருச்சபை மிஷனரிப் பெண்களான ஆஸ்க்வித் பார்வையற்றோருக்கும், ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்ஸன் காது கேளாதோருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே பள்ளிகளைத் தொடங்கினர். தென்னிந்தியாவில் இத்துறையில் இவை முன்னோடிகள். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரக் கிராமத்துப் பிள்ளைக்கு அது வீட்டைப் பிரிந்து விடுதியில் தங்கும் படிப்பாகவே அமைந்தது. மனநோயாளரைப் பொறுத்தவரை, அவர்களைத் தென்காசிக்கு அருகிலுள்ள குற்றாலத்துக்கு அழைத்துவந்து அருவியில் நிற்க வைத்தால் சித்தம் தெளியும் என்ற நம்பிக்கை ஊர்ப்புறங்களில் நெடுங்காலம் நிலவியது. நீரின் குளிர்ச்சி சிறிது நேரம் அமைதி தந்திருக்கலாம், மருத்துவம் ஆகாது.

சங்கத்தை நிறுவிய எஸ். ராமகிருஷ்ணன் ஆய்க்குடியைச் சேர்ந்தவர். பொறியியல் நான்காம் ஆண்டு படித்தபோது, கடற்படை அதிகாரித் தேர்வுக்காக 1975 ஜனவரியில் பெங்களூர் சென்றார். அங்கு உடற்திறன் சோதனையில் உயரத்திலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டார். கழுத்துக்குக் கீழே இயக்கம் போயிற்று. ராணுவ மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சையளித்தவர்களுள் விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகல் முக்கியமானவர். சங்கத்தின் பெயரிலுள்ள ‘அமர்’ அவரைக் குறிப்பது. ஊர் திரும்பிய ராமகிருஷ்ணன் 1981இல் சிறு பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஐக்கிய நாடுகள் சபை அவ்வாண்டைத்தான் உலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்தது. தசைச் சிதைவு நோயுடன் வளர்ந்து பட்டயக் கணக்கரான எஸ். சங்கரராமன் 1992இல் அவருடன் இணைந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்த இருவர் நிர்வாகம் செய்த நிறுவனம் என்பது, அந்நாளில் மாற்றுத்திறனாளரைப் பராமரிக்கப்பட வேண்டியவராக மட்டுமே கண்ட அலுவலகங்களுக்குப் புதிது. ராமகிருஷ்ணனுக்கு 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

சுமார் 30 ஏக்கர் வளாகத்தில் பள்ளி, இயன்முறை மருத்துவம், செயற்கை அவயவப் பட்டறை, தொழிற்பயிற்சி, தண்டுவடக் காயமடைந்தோர் மறுவாழ்வு ஆகியவை நடைபெறுகின்றன. ஆயினும் சங்கத்தின் சிறந்த பணி வளாகத்துக்கு வெளியே நடப்பதே. கிராமப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று வளர்ச்சி தாமதமான குழந்தைகளை ஆறு வயதுக்குள் கண்டறிகின்றனர். பயிற்சியைத் தாய்க்கும் பாட்டிக்கும் கற்றுக் கொடுக்கின்றனர். ஒவ்வொரு குழந்தையின் முன்னேற்றமும் செயலி ஒன்றில் பதிவாகிறது. வாரம் ஒருமுறை பேருந்தேறி மருத்துவமனைக்கு வர இயலாத பீடித் தொழிலாளி வீட்டுக்கு வேறு எம்முறையும் பொருந்தாது.

சட்டங்கள் பின்னரே வந்தன. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்று அரசு வேலையில் 3 விழுக்காடு ஒதுக்கியது. 2007இல் மாற்றுத்திறனாளர் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றதன் விளைவாகப் பிறந்த 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டம், வகைகளை 21 ஆகவும் ஒதுக்கீட்டை 4 விழுக்காடாகவும் உயர்த்தியது. பொதுக் கட்டடங்களை அணுகத்தக்கவையாக்க அச்சட்டம் தந்த ஐந்தாண்டுக் கெடு 2022இல் முடிந்தது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டிருந்த விதியை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் செல்லாதென அறிவித்து, கட்டாய விதிகளை வகுக்க ஆணையிட்டது.

குற்றாலத்தில் அணுகல் வசதியின் தேவை வெளிப்படை. ஐந்தருவிக்குப் படியிறங்க வேண்டும், பாறை வழுக்கும். ஆண், பெண் எனத் தடுத்த குளிக்குமிடங்களில், மனைவியின் கையைப் பற்றி நடக்கும் பார்வையற்றவர் எந்தப் பக்கம் போவது என்பதற்கு விடையில்லை. சாரல் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வரும் ஊரில் இது சிறு குறை அன்று.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதால் அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் திருநெல்வேலிக்கு அலையும் நிலை நீங்கியது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளரை நியமன உறுப்பினராக்கும் சட்டத்திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. மாத ஓய்வூதியம் 2023இல் 1,500 ரூபாயாக உயர்ந்தது. ஆந்திர மாநிலம் 2024 ஜூலை முதல் 6,000 ரூபாய் வழங்குகிறது. அதே தொகை இங்கும் வேண்டும் என்பது மாற்றுத்திறனாளர் சங்கங்களின் முதன்மைக் கோரிக்கை.