காதுக்கு எழுதிய செய்தி

மலேசியத் தமிழ்த் தொலைக்காட்சிச் செய்தியின் எழுத்துமுறைக்கு அடித்தளம் இட்டது வானொலி. 1946 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய மலாயா வானொலி மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் ஒலிபரப்பியது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு ரப்பர் தோட்டங்களுக்குப் பொது வானொலிப் பெட்டிகள் வந்தன. லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளில், வாழ்ந்த மக்கள் கூடி அமர்ந்து செய்தி கேட்டார்கள். அவர்களில் பலருக்குப் பத்திரிகை படிக்கும் அளவுக்குப் பள்ளிப்படிப்பு வாய்க்கவில்லை. பத்திரிகையில் புரியாத வரியைத் திரும்பப் படிக்கலாம். காற்றில் வந்த வரி போனால் போனதுதான். ஒருமுறை கேட்டதும் விளங்க வேண்டும் என்ற கட்டாயம் அந்தக் கேட்பவர்களால் வந்தது. தொலைக்காட்சி அந்த இலக்கணத்தைத் தளரவிட்டால் நட்டம் நமக்குத்தான்.

தளர்வதற்கான காரணமும் வரலாற்றில் இருக்கிறது. 1963 டிசம்பர் 28 அன்று கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்தில் தொலைக்காட்சி தொடங்கியது. 1969 அக்டோபரில் கிள்ளான் செல்லும் ரயில் பாதையை ஒட்டிய அங்காசாபுரிக்கு இடம் மாறியது. இடையில், 1967இன் தேசிய மொழிச் சட்டம் அரசு அலுவலை மலாய்க்கு உரியதாக்கியது. 1968 மே 20 அன்று பெர்னாமா செய்தி நிறுவனம் செயல்படத் தொடங்கியது. அரசு அறிக்கைகள் மலாயில் வர, தமிழ்ச் செய்தியாளரின் வேலையில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பாயிற்று. மலாய் வாக்கியத்தில் வினை எழுவாயை அடுத்தே வந்துவிடும். தமிழில் அது கடைசிவரை காத்திருக்கும். பட்டம், பெயர், பதவி, கூட்டம், இடம் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கி, இறுதியில் 'தெரிவித்தார்' என முடித்தால், நடந்தது என்ன என்று பிடிபடுவதற்குள் அடுத்த செய்தி வந்துவிடுகிறது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியபோது, பக்கத்திலிருந்த கிள்ளான்வாசிக்கு முதலில் தேவைப்பட்டது எங்கே நீர் ஏறியது, எந்தச் சாலை அடைபட்டது என்ற தகவல்தான். அதை எந்த அதிகாரி சொன்னார் என்பது இரண்டாம் வாக்கியத்துக்கு உரியது.

வாக்கியத்தை உடைத்தால், சொன்னவர் ஒருபுறமும் சொன்னது மறுபுறமும் பிரிந்து நம்பகம் குறையும் என்பார்கள். சர்ச்சைக்குரிய கூற்றுக்கு இது முற்றிலும் பொருந்தும். அங்கே சொன்னவரின் பெயர் முதலிலேயே வர வேண்டும். ஆனால் உறுதியான நிகழ்வுக்கு அந்தக் கவசம் தேவையில்லை. எளிமைதான் நோக்கமென்றால் பேச்சுத்தமிழிலேயே வாசிக்கலாமே என்ற வாதமும் உண்டு. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி அதற்குப் பதில் சொல்லும். ரயில்வே பணிக்கு வந்த யாழ்ப்பாணத் தமிழரும் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளரும் அங்கே அருகருகே வாழ்ந்தார்கள். அங்குள்ள ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில் இலங்கைத் தமிழர் எழுப்பியது. இத்தனை பேச்சு வழக்குகளில் எதை வாசிப்பது? எல்லாருக்கும் பொதுவாக இருந்தது எளிய எழுத்துத்தமிழ்; அதைச் சிறு வாக்கியங்களில் அமைப்பதே நியாயம். திரையில் படம் இருப்பதால் சொல்லில் கவனம் வேண்டாம் என்பதும் சரியல்ல. படம் வெள்ளத்தைக் காட்டும்; எந்தத் தாமான், எந்த நேரம், அடுத்து என்ன என்பவற்றைச் சொல்தான் தர வேண்டும். சமையலறையிலிருந்து செய்தி கேட்பவருக்கோ படமே இல்லை.

ஆகவே இன்றைய செய்தியறைகளுக்கு ஒரு வேண்டுகோள்: மூலத்தைப் படித்து முடித்ததும் மூடி வையுங்கள், நடந்ததைத் தமிழில் எழுதுங்கள், வாசிப்பாளரிடம் கொடுக்கும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக்குங்கள்.