கோல்டோராக்கின் கனம்

ஜப்பானிய ரோபோ பொம்மைகளைப் பற்றி இந்த வயதில் இவருக்கு என்ன எழுத இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்தப் பொம்மைகளின் கதை பிரான்ஸ் வழியாகத்தான் என்னிடம் வந்தது.

தொடக்கம் 1972 டிசம்பர். கோ நாகாய் படைத்த 'மாஜிங்கர் இசட்' ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பு வந்த 'டெட்சுஜின் 28' என்ற ராட்சத ரோபோவை வெளியே நின்று கருவியால் இயக்குவார்கள். இதிலோ ஒரு பையன் ரோபோவின் தலைக்குள்ளேயே உட்கார்ந்து, மோட்டார் வண்டி ஓட்டுவதுபோல் ஓட்டினான். அந்த ரோபோ 'சோகோகின் இசட்' என்ற உலோகத்தால் ஆனது என்பது கதை. சோகோகின் என்றால் அதிசிறந்த கலப்பு உலோகம் என்று பொருள். ஃபூஜி மலையில் கிடைத்த தாதுவிலிருந்து செய்ததாம்.

பண்டாய் நிறுவனத்தின் துணை நிறுவனமான பாப்பி, முதலில் இரண்டடி உயர பிளாஸ்டிக் பொம்மையை விற்றது. 1974இல் கைக்கு அடக்கமாக, துத்தநாகக் கலப்பு உலோகத்தை அச்சில் வார்த்து ஒன்றைச் செய்தது. அதற்கு 'சோகோகின்' என்றே பெயர். தோளைச் சுழற்றலாம், அதற்குமேல் வளைக்க அதிகம் இல்லை. முஷ்டி மட்டும் சுருள்வில்லால் தெறித்துப் பறக்கும். எல்லோரும் அந்த முஷ்டியைத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால், கெட்டிக்காரத்தனம் பெயரில் இருக்கிறது. கதையில் மட்டும் இருந்த உலோகம் பிள்ளையின் உள்ளங்கையில் கனத்தது. பிறகு கதையை நம்பாமல் எப்படி இருப்பான்?

அதே வரிசையில் 1975இல் வந்தது 'கிரெண்டைசர்'. 1978 ஜூலை 3 அன்று பிரான்சில் 'ஆந்தென் 2' அலைவரிசை அதைக் 'கோல்டோராக்' என்று பெயர் மாற்றி ஒளிபரப்பியது. நாயகனுக்கு அக்தாரூஸ், தோழனுக்கு அல்கோர் என்று பெயர் வைத்தார்கள். இந்த அல்கோர் வேறு யாருமல்ல, மாஜிங்கரை ஓட்டிய அதே பையன்தான்! மாஜிங்கரைப் பார்த்திராத பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு, முந்தைய கதையின் நாயகன் வெறும் தோழனாகத் தெரிந்தான்.

நாடே பைத்தியமானது. பெரியவர்கள் பயந்தார்கள். 1981இல் லிலியான் லூர்சா என்ற உளவியலாளர், ஐந்து வயதுப் பிள்ளை கோல்டோராக்கோடு தனியே விடப்படுவதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். தொலைக்காட்சி முன் பிள்ளையை விட்டுவிட்டுப் போவது தவறு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் சண்டையை மட்டும் பார்த்தவர்கள், அக்தாரூஸ் தன் கிரகம் அழிந்து அடைக்கலம் தேடி வந்த இளவரசன் என்பதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பெயரை மறைத்துக்கொண்டு ஒரு பண்ணையில் வேலை பார்க்கிறான் அவன்.

இதை எனக்குச் சொன்னது எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீட்டுப் பேரன். 1979 விடுமுறைக்கு வந்தவன் மஞ்சள் கொம்புள்ள அந்தப் பொம்மையை யாரிடமும் தரமாட்டான். ஒரு நிமிடம் என் கையில் வைத்தான், நல்ல கனம். அவனுக்குத் தமிழ் வராது, பாட்டிக்குப் பிரெஞ்சு வராது. நடுவில் நான். கதையைக் கேட்டுவிட்டு அந்த அம்மாள், "அந்தப் புள்ள திரும்ப அவன் ஊருக்குப் போவானா, கேளு தம்பி" என்றார். கேட்டேன். பையன் தோளைக் குலுக்கினான். கடைசிப் பகுதி வரை அவன் பார்த்திருக்கவில்லை.

கடைசிப் பகுதியில் அக்தாரூஸ் தங்கையோடு தன் கிரகத்துக்குத் திரும்புகிறான். அது எனக்கே பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அந்த அம்மாள் காலமாகிவிட்டார்.

1983இல் பாப்பி, பண்டாயோடு இணைந்தது. 1997இல் பண்டாய் 'சோகோகின்னின் ஆன்மா' என்ற பொருள்படும் பெயரில் புதிய வரிசையைத் தொடங்கியது. முதலில் வந்தது மாஜிங்கர். கிரெண்டைசரும் சீக்கிரமே சேர்ந்தது. முழங்கால், கணுக்கால் எல்லாம் வளையும், வேண்டிய நிலையில் நிறுத்தலாம். உலோகத்தை மட்டும் விடவில்லை. வாங்குகிறவர்கள் அன்றைய பிள்ளைகள், இன்று நரை கண்டவர்கள். விலையைப் பார்த்தேன். 1979இல் நான் வாங்கிய மாதச் சம்பளத்தைப் போல் பல மடங்கு.