குரலும் உதடும்

நிலாவெளி, குச்சவெளிக் கடற்கரைகளில் கரைவலை இழுத்த உழைப்பாளருக்குப் பாட்டு வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. அது வேலையின் ஓர் உறுப்பு. ஒருவர் அம்பாவை எடுத்துக் கொடுப்பார். கயிற்றைப் பற்றிய ஏனையோர் ஒன்றாய் மறுமொழி பாடுவர். அந்த அடி முடியும் இடத்தில் வலை கரையை நோக்கிச் சற்றே நகரும். குரலும் உடலும் அங்கே ஒரே தாளத்துக்கு உட்பட்டவை. பாடுபவர் வேறு, அசைபவர் வேறு என்னும் எண்ணமே அங்கு எழ இடமில்லை.

அதே கடற்கரைகளில் இன்று இளைஞர் கைப்பேசியை நிறுத்தி வைத்து, பதிவான பாட்டொன்றை ஒலிக்கவிட்டு, அதற்கு வாயசைத்துக் காணொளி எடுக்கின்றனர். குரல் சென்னையின் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் பிறந்தது. உதடு திருகோணமலையில் அசைகிறது. இதைக் கண்டு முகஞ்சுளிக்கும் பெரியோர் பலர். முகஞ்சுளிப்பு ஆராய்ச்சியாகாது. குரலும் உதடும் எப்போது பிரிந்தன? அப்பிரிவினால் பயனடைந்தவர் யார்? பெயர் இழந்தவர் யார்? சரித்திரத்தைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

1931 இல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்ப்படம் பேசத் தொடங்கியபோது, நடிப்பவரே பாட வேண்டியிருந்தது. நாடக மேடையின் மரபு அது. ஒலிப்பதிவின் நிர்ப்பந்தமும் அதுவே. படப்பிடிப்பின்போதே பாட்டும் பதிவாகும். வாத்தியக்காரர் காமராவின் கண்ணுக்குத் தப்பி மரத்துக்குப் பின்னால் அமர்ந்து வாசிப்பர். ஆகவே தியாகராஜ பாகவதரும் கே. பி. சுந்தராம்பாளும் முதலிற் பாடகர், பிறகே நடிகர்.

1935 இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸார் 'தூப் சாவோன்' என்ற இந்திப் படத்தில் பாட்டை முன்கூட்டியே பதிவுசெய்து, படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு நடிகரை வாயசைக்கச் செய்தனர். தமிழில் 1938 இல் ஏவி. மெய்யப்பன் தயாரித்த 'நந்தகுமார்' படத்தில் நடிகை ஒருவருக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். 1945 இன் 'ஸ்ரீவள்ளி' இன்னும் ஓரடி முன்சென்றது. படம் எடுத்து முடிந்தபின், கதாநாயகி ருக்மிணியின் பாடற்குரலை நீக்கி, அவருடைய உதட்டசைவுக்கேற்ப பி. ஏ. பெரியநாயகியைப் பாடவைத்துச் சேர்த்தனர். முன்னது குரலுக்கு உதட்டைப் பொருத்தியது. பின்னது உதட்டுக்குக் குரலைப் பொருத்தியது.

தொழிற்சாலையில் ஒரு பொருளைப் பலர் பகுதி பகுதியாகச் செய்வதுபோல், பாட்டும் இவ்வாறு பலர் கைப்பட்ட பண்டமாயிற்று. பகுத்துச் செய்வதிற் குற்றமில்லை. செய்தவர் பெயரை மறைப்பதே குற்றம். 1949 இல் வெளியான 'மஹால்' என்ற இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டு இசைத்தட்டாக வந்தபோது, பாடியவர் பெயராக அச்சிடப்பட்டது 'காமினி' என்ற கதாபாத்திரத்தின் பெயர். பாடியவர் யாரென்று நேயர்கள் வானொலிக்கு எழுதிக் கேட்ட பின்னரே லதா மங்கேஷ்கரின் பெயர் வெளிவந்தது. அவர் எதிர்ப்புத் தெரிவித்த பின்னரே, 1959 இல், பின்னணிப் பாடகருக்கும் ஒரு பிலிம்பேர் பரிசு ஏற்பட்டது. கேட்டதனாலும் போராடியதனாலும் கிடைத்த பெயர் அது. எவரும் மனமுவந்து கொடுத்ததன்று.

இலங்கையின் கதை இன்னும் சிந்திக்கத்தக்கது. இந்நாட்டின் முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ' (1947) எஸ். எம். நாயகம் என்ற தமிழரால் மதுரையில் தயாரிக்கப்பட்டது. 1950 இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. 1952 இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைக் கட்டுப்படுத்தவே, தமிழ்நாட்டு நேயரும் கொழும்பை நோக்கித் தம் பெட்டிகளைத் திருப்பினர். அலைபரப்பி நமது; அது சுமந்த சினிமாப் பாட்டோ சென்னையினது. ஈழத்தின் ஊர்ப்புறப் பாட்டு அந்த வெள்ளத்தில் ஓரமாய் ஒதுங்கிற்று.

ஆனால் ஓரத்தில் ஒதுங்கியோர் வாய் மூடியிருக்கவில்லை. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசை எழுந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோருடன் திருகோணமலையின் பரமேஷ், கோணேஷ் சகோதரரும் அவ்வரிசையில் நின்றனர். துறைமுகப் பட்டினத்தின் இளைஞர் இரவற் குரலை நம்பியிராமல் தம் குரலிலேயே பாடினர் என்பதற்கு அவர்களே சாட்சி.

பொருத்தும் வேலையின் நுட்பத்தையும் மாணவர் அறிதல் நன்று. சினிமாச் சுருள் வினாடிக்கு 24 சட்டகம் ஓடுகிறது. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். எனவே ஒலிபெருக்கி 14 மீற்றர் தள்ளியிருந்தால் பாட்டு ஒரு சட்டகம் பிந்தியே பாடுபவர் காதை அடையும். கருவிகளின் வேகம் வேறுபட்டால் துன்பம் பெரிது: கசெற் நூற்றுக்கு ஒரு பங்கு விரைந்தோடினால், மூன்று நிமிடப் பாட்டின் முடிவில் உதடும் குரலும் 1.8 வினாடி விலகி நிற்கும். ஒலியையும் படத்தையும் தொடக்கத்தில் ஒன்றுசேர்க்கவே படப்பிடிப்பில் கட்டை தட்டும் வழக்கம் வந்தது. கைப்பேசிக்காரரும் தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டி, அவ்வோசையையும் கைகள் சேரும் சட்டகத்தையும் ஒன்றுசேர்த்தால், தொடக்கம் பிசகாது. ஒலிபெருக்கியை அருகில் வைத்து, உதட்டை மட்டும் அசைக்காமல் உண்மையாகவே உரத்துப் பாடினால், தொண்டையும் மார்பும் உழைப்பது படத்தில் தெரியும்.

ஒருகாலத்தில் பெருமுதல் படைத்த ஸ்டூடியோக்கள் மாத்திரம் செய்யக்கூடியதாயிருந்த வேலை, இன்று மீனவரின் மகள் கைக்கு எட்டியிருக்கிறது. இது சிறிய மாற்றமன்று. ஆயினும் அவள் உதடு சுமப்பது எந்நாளும் பிறர் குரலாகவே இருக்குமானால், கருவி கைமாறியதன்றி வேறொன்றும் மாறவில்லை. அவள் ஆடும் காணொளியால் நிறுவனங்கள் விளம்பர வருவாய் பெறுகின்றன. பாடியவர் பெயரோ பெரும்பாலும் காணப்படுவதில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆற்றுகையாளருக்கும் உரிமை உண்டென்று ஏற்றிருக்கிறது. சட்டப் புத்தகத்தில் இருப்பது வழக்கத்துக்கு வரவேண்டும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதைத் தம் வகுப்பறையிலேயே தொடங்கலாம். அம்பாவை அறிந்த முதியோர் மூதூரிலும் சல்லியிலும் இருப்பின், அவர்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். அக்குரலுக்கு இளைஞர் வாயசைக்கட்டும், வலை இழுக்கட்டும், ஆடட்டும். காணொளியின் அடியில் ஒரு வரி கட்டாயம் இருக்கவேண்டும்: அப்பாட்டைப் பாடிய உழைப்பாளியின் பெயர், அவர் இசைவோடு.