திருஷ்டிப் பொம்மைக்கு அப்பா சட்டை

ராசிபுரம் பக்கம் வீடு கட்டுகிறோம். ரெண்டு சவுக்குக் குச்சியைக் குறுக்கே கட்டி, வைக்கோல் திணித்து, மண்சட்டியில் சுண்ணாம்பால் முகம் வரைந்து நானே திருஷ்டிப் பொம்மை செய்தேன். அரிவாளும் சணல் கயிறும் போதும்.

அமெரிக்க ஹாலோவீன் பொம்மைகளும் ஏறக்குறைய இதே ரகம்தான். அக்டோபர் 31 இரவில் செத்தவர்கள் வீடு திரும்புவார்கள் என்பது அயர்லாந்தின் பழைய நம்பிக்கை. கெட்ட ஆவிகளை விரட்ட டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செய்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களுக்குப் பூசணி வாகாகக் கிடைத்தது. நாமும் பூசணியில்தான் முகம் வரைகிறோம், ஆனால் சாம்பல் பூசணி. தொடர்பு இருக்கு என்று நான் சொல்லவரவில்லை. அங்கே பயம் போய் விளையாட்டு மிஞ்சிவிட்டது.

என் பொம்மைக்குப் போன வருஷம் தவறிப்போன அப்பாவின் சட்டையை மாட்டியிருந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "அவரு வெளியிலயே நிக்கோணுமா கண்ணு?" என்றார்.

இப்போது சிமென்ட் சாக்கு போர்த்தியிருக்கிறேன்.