எல்லைக் காவலும் இறையாண்மையும்: அசாம் விவாதத்தில் சொற்களின் வரலாறு

1. முன்னுரை

நாட்டின் எல்லை சரிவரக் காக்கப்படவில்லை என்னும் குறை பொதுமேடைகளில் எழுப்பப்படும்போதெல்லாம் இறையாண்மை என்னும் சொல்லும் உடன்வருகிறது. தன் நிலப்பரப்புக்குள் யார் வரலாம், யார் தங்கலாம் என்பதை முடிவுசெய்யும் உரிமை இறையாண்மையின் முதற்கூறாகக் கருதப்படுவதே இதற்குக் காரணம். இந்தியாவில் இவ்விரண்டும் நெடுங்காலம் இணைத்துப் பேசப்பட்ட களம் அசாம் ஆகும். இந்திய - வங்காளதேச எல்லையின் நீளம் ஏறத்தாழ 4,096 கி.மீ. இதில் மேற்கு வங்கத்தின் பங்கு 2,200 கி.மீ.க்கும் மேல்; அசாமின் பங்கு 263 கி.மீ. அளவினதே. எனினும் இவ்விவாதம் மக்கள் இயக்கமாகவும் உடன்படிக்கையாகவும் தனிச்சட்டமாகவும் உச்சநீதிமன்றத் தீர்ப்பாகவும் வடிவெடுத்தது அசாமில்தான்.

சிறிய எல்லையுடைய பகுதியில் பெரிய விவாதம் எழுந்தமைக்கான விடை காவல்முறையில் மட்டும் இல்லை. அப்பகுதியின் மொழி வரலாற்றிலும் உள்ளது. குடியேற்றத்தைக் குறித்து வழங்கிய சொற்கள் மக்கள்தொகைக் கணக்கிலிருந்து அரசியலுக்கும், அரசியலிலிருந்து சட்டத்திற்கும் சென்றன. அவ்வாறு செல்கையில், எல்லையைக் காக்க வேண்டிய அரசின் கடமை, தன்னைக் குடிமகன் என மெய்ப்பிக்க வேண்டிய தனிமனிதரின் கடமையாக மாறியது. இம்மாற்றத்தின் படிநிலைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. மொழி அச்சத்தின் தோற்றம்

1826-ஆம் ஆண்டின் யாண்டபு உடன்படிக்கையால் அசாம் ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டது. 1836-இல் நீதிமன்றங்களிலும் பள்ளிகளிலும் வங்காளம் புகுத்தப்பட்டது. அசாமியம் தனிமொழியன்று, வங்காளத்தின் ஒரு வழக்கே என்னும் கருத்து அக்கால அலுவலர் பலரிடம் நிலவியது. இதனை மறுத்து அமெரிக்கப் பாப்டிஸ்டு சமயப்பணியாளரும் ஆனந்தராம் தேக்கியால் புக்கனும் வாதிட்டனர். 1846-இல் சிவசாகரிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'அருணோதயி' இதழ் அசாமிய உரைநடையை நிலைநிறுத்த உதவியது. 1873-இல்தான் அசாமியம் தனக்குரிய இடத்தை மீண்டும் பெற்றது. ஏறத்தாழ 37 ஆண்டுகள் தாய்மண்ணிலேயே அலுவல்மொழித் தகுதியை இழந்து நின்ற இவ்வரலாறு, பின்னர் எழுந்த எல்லை விவாதங்கள் அனைத்திற்கும் அடித்தளமாக அமைந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு வங்காள உழவர்கள் பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கின் ஆற்றிடைத் திட்டுகளிலும் தரிசு நிலங்களிலும் குடியேறிச் சணலும் நெல்லும் பயிரிட்டனர். நிலவரி வருவாயைப் பெருக்க விரும்பிய ஆங்கிலேய அரசு இக்குடியேற்றத்தை ஊக்குவித்தது. பின்னர் உள்ளூர் மக்களின் எதிர்ப்பு வலுத்தபோது, 1920-ஆம் ஆண்டளவில் 'கோட்டு முறை' என்னும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. நாகாவோன், காமரூபம் ஆகிய மாவட்டங்களில் குடியேறியோர் நிலம் பெறத்தக்க பகுதி, பெறத்தகாத பகுதி எனக் கோடுகள் வகுக்கப்பட்டன. இவ்விவாதத்தில் முதன்முதல் தோன்றிய எல்லை இரு நாடுகளுக்கு இடைப்பட்டதன்று. ஒரே மாநிலத்தின் ஊர்களுக்கு இடைப்பட்டது என்பது நோக்கத்தக்கது.

1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அசாம் மேற்பார்வையாளர் சி. எஸ். முல்லன் தம் அறிக்கையில் இக்குடியேற்றத்தைப் 'படையெடுப்பு' எனக் குறித்தார். நிலம் தேடிவந்த உழவரைப் படையாக உருவகித்த இவ்வழக்கு, அரசு ஆவணத்தில் இடம்பெற்றமையால் ஆய்வு முடிவுபோன்ற தகுதியைப் பெற்றது. குடியேறியோரும் அன்று ஒரே ஆட்சிக்கு உட்பட்ட இந்தியரே என்பதை அச்சொல் மறைத்துவிட்டது.

3. பிரிவினையும் தாய்மொழிக் கணக்கும்

1947 சூலையில் நடைபெற்ற பொதுவாக்கெடுப்பின்படி சில்ஹெட் மாவட்டத்தின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானுடன் இணைந்தது. கரீம்கஞ்சுப் பகுதி இந்தியாவில் தங்கியது. நேற்றுவரை மாவட்ட எல்லையாக இருந்த கோடு பன்னாட்டு எல்லையாயிற்று. குடியேறியோரை அசாமிலிருந்து வெளியேற்றும் சட்டம் 1950-இல் இயற்றப்பட்டது. கலவரங்களால் இடம்பெயர்ந்து வந்தோருக்கு அச்சட்டம் விலக்களித்தது. ஆக, 'அகதி', 'குடியேறி' என்னும் இரு வகைமைகளும் அன்றே சட்டத்தில் இடம்பெற்றுவிட்டன. 1951 கணக்கெடுப்பினை ஒட்டித் தேசியக் குடிமக்கள் பதிவேடு உருவாக்கப்பட்டது.

அதே 1951-இல் அசாமியத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 57 விழுக்காட்டினர் எனக் கணக்கெடுப்புக் காட்டியது. சில்ஹெட் பிரிந்தமை இதற்கு ஒரு காரணம். பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கில் குடியேறிய வங்காள முஸ்லிம்களுள் பெரும்பாலோர் தம் தாய்மொழி அசாமியம் எனப் பதிவு செய்தமை மற்றொரு காரணம். தம் பிள்ளைகளை அவர்கள் அசாமிய வழிப் பள்ளிகளில் சேர்த்தனர். 'ந-அசமியா', அதாவது புதிய அசாமியர், என்னும் பெயரும் அவர்களுக்கு வழங்கலாயிற்று. எல்லையைக் கடந்து வந்தவர் என ஐயுறப்பட்ட மக்களே அசாமியத்தின் பெரும்பான்மைக்குத் துணைநின்றனர் என்னும் முரண் ஈண்டுக் கருதத்தக்கது. 1960-ஆம் ஆண்டின் அசாம் ஆட்சிமொழிச் சட்டத்திற்கு இப்பெரும்பான்மை வலுவூட்டியது. அச்சட்டத்தை எதிர்த்துப் பராக் பள்ளத்தாக்கில் எழுந்த கிளர்ச்சியின்போது, 1961 மே 19 அன்று சில்சாரில் காவலர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் உயிரிழந்தனர்.

4. 'வெளியார்' வெளிநாட்டவர் ஆதல்

1971-ஆம் ஆண்டுப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவிற்குள் வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் திரும்பினர். திரும்பாதோர் எத்தனைபேர் என்பது தீராத வினாவாயிற்று. 1978-இல் உதகமண்டலத்தில் கூடிய தேர்தல் அதிகாரிகள் மாநாட்டில், வடகிழக்கு மாநிலங்களின் வாக்காளர் பட்டியல்களில் வெளிநாட்டவர் பெயர்கள் பெருமளவில் இடம்பெற்றுள்ளமை குறித்துத் தலைமைத் தேர்தல் ஆணையர் எஸ். எல். சக்தர் கவலை தெரிவித்தார். அடுத்த ஆண்டு மங்கள்தோய் மக்களவைத் தொகுதியின் இடைத்தேர்தலுக்காகப் பட்டியல் திருத்தப்பட்டபோது பல்லாயிரம் பெயர்கள்மீது ஐயம் எழுப்பப்பட்டது. 1979 சூன் 8 அன்று அனைத்து அசாம் மாணவர் சங்கம் விடுத்த முழு அடைப்பு அழைப்புடன் அசாம் இயக்கம் தொடங்கியது.

இயக்கத்தின் தொடக்க முழக்கங்களில் 'பஹிராகத' என்னும் சொல் வழங்கியது. 'வெளியிலிருந்து வந்தவர்' என்பது இதன் பொருள். பிற இந்திய மாநிலங்களிலிருந்து வந்த வணிகரையும் தொழிலாளரையும்கூட இச்சொல் உள்ளடக்கக்கூடியது. நாட்டுக்குள் எங்கும் வாழும் உரிமை இந்தியக் குடிமக்கள் அனைவருக்கும் உண்டாதலின், சட்டத்தின்முன் இச்சொல்லுக்கு வலுவில்லை. விரைவில் 'விதேசி', அதாவது வெளிநாட்டவர், என்னும் சொல் அதன் இடத்தைப் பெற்றது. இம்மாற்றத்தால் மொழி, நிலம், வேலைவாய்ப்பு பற்றிய வட்டாரக் கவலை நாட்டின் இறையாண்மை பற்றிய கவலையாக எடுத்துரைக்கப்படலாயிற்று. மைய அரசு புறக்கணிக்க இயலாத சொல் அது. ஆயினும், வெளியார் யார் என்பதை ஊரார் பேச்சையும் தோற்றத்தையும் கொண்டு கூறிவிடலாம். வெளிநாட்டவர் யார் என்பதை ஆவணம் கொண்டே நிறுவ இயலும். இவ்வேறுபாடு முழக்கங்களில் மறைந்துபோயிற்று. 1983 பிப்ரவரி 18 அன்று நெல்லிப் பகுதியில் நிகழ்ந்த படுகொலையில் அரசுக் கணக்கின்படியே 1,800-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எவருடைய ஆவணமும் அங்கு ஆராயப்படவில்லை.

1985 ஆகஸ்டு 15 அன்று அசாம் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1966 சனவரி 1-க்கு முன் வந்தோர் ஏற்கப்பட்டனர். அந்நாளிலிருந்து 1971 மார்ச் 24 வரை வந்தோரின் பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து பத்தாண்டுகளுக்கு நீக்கப்படும் எனவும், அதன்பின் வந்தோர் வெளியேற்றப்படுவர் எனவும் முடிவாயிற்று. எல்லை நெடுகிலும் தடுப்புகளும் முள்வேலியும் அமைக்கப்படும் என்னும் உறுதியும் அதில் இடம்பெற்றது.

5. மெய்ப்பிக்கும் பொறுப்பு

2025 வரை நடைமுறையில் இருந்த, 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டப்படி, தாம் வெளிநாட்டவர் அல்லர் என மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவரையே சார்ந்திருந்தது. அசாமுக்கு மட்டும் 1983-இல் கொண்டுவரப்பட்ட சட்டவிரோதக் குடியேறிகள் பற்றிய தீர்ப்பாயச் சட்டம் இதனை மாற்றி, அப்பொறுப்பைக் குற்றஞ்சாட்டும் தரப்பின்மீது வைத்தது. இந்தியக் குடிமக்கள் துன்புறுத்தப்படாமல் காக்கும் அரண் என இச்சட்டத்தை ஆதரிப்போர் கூறினர். வெளிநாட்டவரைக் காக்கும் கேடயம் என எதிர்ப்போர் சாடினர்.

2005 சூலை 12 அன்று சர்பானந்த சோனோவால் வழக்கில் உச்சநீதிமன்றம் இச்சட்டத்தைச் செல்லாதென அறிவித்தது. மாநிலங்களைப் புறத்தாக்குதலிலிருந்து காக்கும் கடமையை ஒன்றிய அரசுக்கு விதிக்கும் அரசமைப்பின் 355-ஆம் உறுப்பு அத்தீர்ப்பின் ஓர் அடிப்படையாக அமைந்தது. பெருந்திரளான சட்டவிரோதக் குடியேற்றமும் புறத்தாக்குதலே என நீதிமன்றம் பொருள்கொண்டது. 1931-இல் கணக்கெடுப்பு அறிக்கையில் உருவகமாக நின்ற 'படையெடுப்பு', 74 ஆண்டுகளுக்குப் பின் சட்டக் கருத்தாக்கமாக நிலைபெற்றது எனலாம். அதன் நேரடி விளைவு, மெய்ப்பிக்கும் பொறுப்பு மீண்டும் தனிமனிதரைச் சார்ந்ததாகும்.

6. 2019-ஆம் ஆண்டு

இவ்வரலாற்றின் இழைகள் அனைத்தும் 2019-இல் ஒருங்கு சேர்ந்தன. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில், துப்ரி மாவட்டத்தின் 61 கி.மீ. ஆற்றெல்லையில் மின்னணுக் கண்காணிப்பு முறை தொடங்கப்பட்டது. பிரம்மபுத்திரா அங்கே பல கிளைகளாகப் பிரிந்து பாய்கிறது. வெள்ளந்தோறும் திட்டுகள் கரைந்து வேறிடத்தில் எழுவதால் வேலி நாட்டல் அரிது. உடன்படிக்கையில் உறுதியளிக்கப்பட்ட எல்லைக் காவல் இவ்விடத்தில் இந்நிலையை எட்ட 33 ஆண்டுகளுக்கு மேலாயின.

அவ்வாண்டு ஆகஸ்டு 31 அன்று புதுப்பிக்கப்பட்ட குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியல் வெளியாயிற்று. விண்ணப்பித்த 3.30 கோடி மக்களுள் 19,06,657 பேர் விடுபட்டனர். எண்ணிக்கை மிகக் குறைவு என ஒரு சாராரும், குடிமக்கள் பலர் விடுபட்டனர் எனப் பிறிதொரு சாராரும் குறைகூறினர். 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முற்பட்ட ஆவணத்தில் முன்னோர் பெயர் இருத்தலும், அவரோடு தமக்குள்ள உறவு நிறுவப்படுதலும் வேண்டும் என்பது விதி. இளவயதில் மணமுடித்து ஊர் மாறிய, பிறப்புச் சான்றோ பள்ளிச் சான்றோ இல்லாத மகளிருக்கு இவ்விதி மிகக் கடினமாயிற்று.

எழுத்து வேறுபாடும் ஓர் இடர்ப்பாடாக அமைந்தது. வங்காளத்தில் சகரம் சார்ந்து ஒலிக்கும் எழுத்துகள் அசாமியத்தில் ககர - ஹகரம் போன்ற உரசொலியாக ஒலிக்கும். ஆதலால் 'உசேன்' போன்ற பெயரை எழுத அசாமியர் வேறோர் எழுத்தை ஆள்வர். அதுவே உரோமன் எழுத்தில் பெயர்க்கப்படும்போது மேலும் பல வடிவங்கள் தோன்றும். ஒரே மனிதர் மூன்று ஆவணங்களில் மூன்று எழுத்துக்கோவைகளில் காணப்படுதல் ஒலியியலார்க்கு இயல்பான செய்தி. பதிவேட்டு அலுவலர்க்கோ அது ஐயத்திற்கிடமான செய்தி.

திசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம், 2014 இறுதிவரை பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத ஆறு சமயத்தினருக்குக் குடியுரிமை பெற வழிவகுத்தது. அசாமில் எழுந்த எதிர்ப்பின் காரணம் பிற பகுதிகளினின்றும் வேறுபட்டது. 'விதேசி' என்னும் சொல் அங்குச் சமய வேறுபாடு கருதாதது. சட்டமோ அகதி, ஊடுருவியவர் எனச் சமயவழிப் பிரித்தது என்பதே அவ்வெதிர்ப்பின் சாரம். 2024 அக்டோபர் 17 அன்று, உடன்படிக்கையின் கால வரையறையைச் சட்டமாக்கிய 6அ பிரிவு செல்லும் என உச்சநீதிமன்றம் 4-க்கு 1 என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

7. முடிவுரை

அசாம் மக்களின் மொழி அச்சம் கற்பனையன்று. 1836-க்கும் 1873-க்கும் இடைப்பட்ட காலம் அதற்குச் சான்று. 2011 கணக்கெடுப்பில் அசாமியம் பேசுவோர் ஏறத்தாழ 48 விழுக்காட்டினராகக் குறைந்தமையும் அதனை வளர்த்தது. எல்லையைக் காத்தல் இறையாண்மையுடைய அரசின் கடமை என்பதிலும் ஐயமில்லை. ஆயின், மொழி பற்றிய அச்சம் எல்லை பற்றிய சொற்களால் பேசப்பட்டபோது இரண்டிற்கும் உரிய தீர்வு கிட்டவில்லை. மொழிக்கு வேண்டிய கல்வி, ஆட்சி, நில உரிமைப் பாதுகாப்புகள் பின்தள்ளப்பட்டன. எல்லையில் அரசு செய்யத் தவறியதற்கு, எல்லையிலிருந்து தொலைவில் வாழும் உழவர் தம் பாட்டனாரின் பெயரைத் தேடி விடையிறுக்க வேண்டியதாயிற்று.

சொல் ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்குப் பெயரும்போது அதன் பொருளோடு அதன் விளைவும் மாறுகிறது. கணக்கெடுப்பு அறிக்கைகள், இயக்க முழக்கங்கள், சட்டங்கள், தீர்ப்புகள் ஆகியவற்றின் சொல்லாட்சியை ஒருங்குவைத்து ஆராய்தல், பிற எல்லைப்புற மாநிலங்களின் விவாதங்களைப் புரிந்துகொள்ளவும் துணைசெய்யும்.